தூளுக்கு நடுவே காற்று

கரிக்கோலால் தாளில் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு அதன்மேல் ஊதிப் பாருங்கள். கோட்டில் கொஞ்சம் பறந்துபோகும். மிச்சத்தை விரலால் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் பரவும். இறகால் நாலு தட்டு தட்டினால் மங்கிய ஒரு தடம்தான் நிற்கும். 1400ஆம் ஆண்டையொட்டி இத்தாலிய ஓவியர் செனினோ செனினி எழுதிய கைவினை நூலில் இது ஒரு பாடமாகவே இருக்கிறது. வில்லோ மரக் குச்சிகளைச் சீவிக் கட்டாகக் கட்டிப் புதுச் சட்டியில் அடுக்க வேண்டும். காற்றுப் புகாதபடி களிமண்ணால் வாயை அடைக்க வேண்டும். மாலையில் ரொட்டி சுடுபவரின் அடுப்பில் வைத்து, காலையில் எடுக்க வேண்டும். அந்தக் கரியால் வரைந்து, பிடிக்காத கோட்டை இறகால் துடைத்து, உருவம் சரியாக வந்தபின் வேறொரு பொருளால் அதன்மேல் உறுதியாக வரைந்துகொள்ள வேண்டும்.

செனினியின் காலத்து ஓவியருக்குக் கரிக்கோடு என்பது முன்னேற்பாடு. துடைத்தால் போய்விடும் என்பதற்காகவே அதை அவர் கையில் எடுத்தார். அதே குணம், பின்னால் வந்தவர்களுக்குத் தலைவலியானது. கரியின் மென்மையும் பேஸ்டலின் பொலிவும் அவர்களுக்குப் பிடித்துப்போயின. அவற்றையே முழு ஓவியமாக்கி, சட்டமிட்டு, சுவரில் மாட்டி ஊரைக் கூப்பிட்டுக் காட்ட விரும்பினார்கள். ஸ்டுடியோவில் தூள் தளர்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் கை நினைத்தபடி போகும். கண்காட்சிக்குப் போகும் படத்தில் அதே தூள் இம்மியும் உதிரக் கூடாது. இந்த இரண்டுக்கும் ஒத்துவராது என்பதற்கு ஒளியியலில் துல்லியமான ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் வரைபொருள்களைப் பற்றிய நம் பார்வையே மாறிவிடும் என்று நம்புகிறேன்.

முதலில் கரி. மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கினால் அது எரிவதில்லை. நீரும் தாரும் வாயுக்களும் வெளியேறி, கார்பன் கூடு மட்டும் மிஞ்சுகிறது. மரம் உயிரோடு இருந்தபோது நீரை மேலே கொண்டுபோன நுண்குழாய்களின் வடிவம் அந்தக் கூட்டில் அப்படியே இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் கரித்தூள் உருண்டையாக இருக்காது. சிலாம்புகளும் மூலைகளும் உடைந்த குழாய்த் துண்டுகளுமாகத் தெரியும். தாளும் வழவழப்பான பரப்பன்று. செல்லுலோஸ் நார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் படுக்கை அது. கரித்துண்டுகள் அந்த நார்களின் இடுக்குகளில் செருகிக்கொண்டு நிற்கின்றன. பசை எதுவும் இல்லை. அடியில் சிக்கிய துண்டுகள் தங்கிவிடும். மேலே குவிந்தவை ஊதினால் போய்விடும். இந்த ஒழுங்கற்ற குவியலுக்குள் விழும் ஒளி பல முறை மோதி உள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால்தான் கரியின் கருமை மினுமினுப்பே இல்லாமல் ஆழமாகத் தெரிகிறது.

பென்சில் கோடும் கார்பன்தான். ஆனால் அதை ஊதினால் பறக்காது. விளக்கருகில் சாய்த்துப் பார்த்தால் மினுக்கும். கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அறுகோண வலைகளாகத் தளம் தளமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே தளத்தில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர், ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 0.335 நானோமீட்டர். தளத்துக்குள் பிணைப்பு மிக வலுவானது, தளங்களுக்கு நடுவிலோ மிகப் பலவீனமானது. தாளில் உரசும்போது செதில் செதிலாக உரிந்து, நார்களின்மேல் தட்டையாகப் படிகிறது. தட்டையான செதில்கள் ஒளியை ஒரே பக்கமாகத் திருப்புவதால் அந்த மினுக்கம். கிராஃபைட்டின் வழுக்குத் தன்மைக்கும் காற்றின் ஈரம் தேவைப்படுகிறது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்பொறிகளில் இருந்த கார்பன் பிரஷ்கள் வழக்கத்துக்கு மாறாக வேகமாகத் தேய்ந்து தூளாயின. மேலே காற்று வறண்டிருந்ததே அதற்குக் காரணம். செதில்களின் மேல் படியும் நீராவி இல்லாவிட்டால் கிராஃபைட் கரகரக்கும்.

இன்று நாம் வாங்கும் 2பி, 4பி, எச் பென்சில்கள் 1795இல் நிக்கோலா-ஜாக் கோந்தே பிரான்சில் காப்புரிமை பெற்ற முறையின் வாரிசுகள். இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் பாரோடேல் பகுதியில் கிடைத்த தூய கிராஃபைட் போரினால் பிரான்சுக்கு வராமல் நின்றது. அவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டார். களிமண் கூடினால் கோடு கெட்டியாகி வெளுக்கும், குறைந்தால் மிருதுவாகிக் கறுக்கும். ஒரே பொருளிலிருந்து விதவிதமான சாயல்களை அளந்து எடுக்கும் வசதி ஓவியருக்கு அப்போதுதான் கிடைத்தது.

கோந்தேயின் பெயரைத் தாங்கிய கறுப்புக் கிரேயானை எடுத்துக்கொண்டு, தாளின் மேடுபள்ளத்தையே ஒரு கருவியாக மாற்றியவர் ஜோர்ஜ் சூரா. அவர் விரும்பிய மிஷாலே என்ற தாளில் வரிவரியாக மேடுகள் உண்டு. கிரேயானை மெல்ல உரசினால் மேடுகளில் மட்டும் கறுப்பு ஒட்டும். பள்ளங்கள் வெள்ளையாகவே இருக்கும். இன்னும் அழுத்தினால் பள்ளங்களும் நிரம்பும். ஓரங்களே வரையாமல், இருட்டிலிருந்து ஓர் உருவம் மெதுவாக வெளிப்படுவதுபோல அவரால் காட்ட முடிந்தது இதனால்தான். 1883இல் பாரிஸ் சலோன் கண்காட்சி ஏற்றுக்கொண்ட அவருடைய முதல் படைப்பு எண்ணெய் ஓவியம் அன்று. நண்பர் அமான்-ஜானை இப்படி உரசி வரைந்த கறுப்பு வெள்ளைச் சித்திரம் அது. இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வண்ணப் புள்ளிகளால் புகழ்பெற்றவர், புள்ளிகளைக் கலக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணிடம் விடலாம் என்பதைக் கறுப்பிலேயே கண்டுகொண்டுவிட்டார் என்பது என் கருத்து.

இனி பேஸ்டல். வண்ணத் தூள், அதோடு சுண்ணாம்புக்கட்டி போன்ற வெண்தூள், எல்லாம் ஒரு குச்சியாக நிற்கும் அளவுக்கு மட்டும் துளி பிசின். அவ்வளவுதான் சரக்கு. எண்ணெய் வண்ணத்தில் தூளைச் சுற்றி எண்ணெய் இருக்கிறது. நீர்வண்ணத்தில் பிசின் இருக்கிறது. பேஸ்டல் தூளைச் சுற்றி இருப்பது காற்று. அந்தக் காற்று வெற்றிடமாக வீணே நிற்கவில்லை. படத்தின் பொலிவில் பெரும்பங்கு அதனுடையது.

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் வேறுபட்டால் அந்த எல்லையில் ஒரு பகுதி திரும்பிவிடும். வேறுபாடு கூடக்கூடத் திரும்புவதும் கூடும். காற்றின் எண் 1. சுண்ணாம்புக்கட்டியின் எண் ஏறத்தாழ 1.6. காற்றிலிருந்து அதன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 5 விழுக்காடு ஒவ்வொரு பரப்பிலும் திரும்பும். தூள் என்றால் ஆயிரக்கணக்கான பரப்புகள். ஒளி அங்குமிங்கும் தெறித்து எல்லாத் திசையிலும் வெளியே வருகிறது. அதைத்தான் நாம் பளிச்சென்ற வெண்மை என்கிறோம். இப்போது அந்தத் தூளின் இடைவெளிகளில் பிசின் கரைசலை நிரப்புங்கள். பிசினின் எண் சுமார் 1.5. 1.5க்கும் 1.6க்கும் நடுவே திரும்பும் ஒளி 0.1 விழுக்காடுதான், முன்பு இருந்ததில் ஐம்பதில் ஒரு பங்கு. ஒளி தெறிக்காமல் ஊடுருவிப் போய்விடும். வெண்மை மறைந்து, அடியில் இருக்கும் தாளின் நிறம் தெரியும்.

டீக்கடையில் வடையை மடித்துத் தரும் காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிவது இதே நிகழ்ச்சிதான். தாள் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் நார்களுக்கு இடையே உள்ள காற்று. எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதும் தாளின் வெண்மை போய்விடுகிறது.

பேஸ்டல் ஓவியத்தின் மேல் ஃபிக்ஸட்டிவ் என்ற ஒட்டுக் கரைசலைத் தெளிக்கும்போது நடப்பதும் இதுவே. தூள் ஒட்டிக்கொள்ளும்; ஆனால் காற்று இருந்த இடத்தில் பிசின் வந்து உட்காரும். வெள்ளை வைத்த இடங்கள் மங்கும். இளம் நிறங்கள் ஒரு படி இருளும். கன்னத்தின் மேல் இருந்த பவுடர் போன்ற ஒளி அடங்கிப்போகும். மாணவர்கள் இதை மட்டமான ஸ்ப்ரேயின் குற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்ப்ரேயாக இருந்தாலும் தூளின் இடைவெளியை நிரப்பும் அளவுக்குத் தெளித்தால் இது நடந்தே தீரும். மிகச் சிறு துளிகளாக, தூளின் தொடுபுள்ளிகளில் மட்டும் பிசின் தங்கும்படி, தூரத்தில் நின்று இலேசாகத் தெளிப்பது ஒன்றே வழி. டைட்டானியம் வெள்ளை இதில் ஓரளவு தப்பிக்கும். அதன் எண் 2.7 வரை போவதால், பிசினுக்குள் மூழ்கினாலும் ஒளியைத் திருப்பும் வலிமை அதற்கு மிச்சம் இருக்கும். சுண்ணாம்புக்கட்டிக்கு அந்த வலிமை இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் இந்தச் சிக்கலோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது. வெனிஸிலிருந்து ரோசால்பா கரியேரா 1720இல் அங்கே வந்து தங்கியபின் பேஸ்டல் உருவப்படங்கள் பெரும் மோகமாயின. மொரிஸ் கான்தான் த லா தூர் வரைந்த மதாம் த பொம்பதூர் படம் 1755ஆம் ஆண்டு சலோனில் காட்சிக்கு வந்தது. ஏறத்தாழ 178 சென்டிமீட்டர் உயரம், பல தாள்களை ஒட்டிச் சேர்த்த பரப்பு, அத்தனையும் உதிரக்கூடிய தூள். இன்று லூவ்ரில் இருக்கிறது. ஃபிக்ஸட்டிவ் தேடி அலைந்தவர்களில் லா தூரும் ஒருவர். அந்தப் படத்துக்குச் சற்று முன்பு, 1753இல், அந்துவான்-ஜோசப் லோரியோ என்பவர் ஒரு முறையைக் கலைக்கழகத்தின் முன் வைத்தார். 1780இல்தான் அதன் இரகசியம் வெளியானது: மீன்பசையும் சாராயமும் கலந்த நீரை, பிரஷ்ஷின் மயிரை வளைத்து விட்டுத் துளித்துளியாகச் சிதறடிப்பது. சாராயம் சீக்கிரம் காய்ந்துவிடும், தூளை நனைத்துக் கரைக்காது. மீன்பசை மிக மெல்லிய படலமாக நிற்கும். இன்றைய ஸ்ப்ரே டப்பாவின் அடிப்படைச் சிந்தனை முழுவதும் அதில் இருக்கிறது.

இந்தப் போராட்டத்தை யாரையும்விடத் தீவிரமாக நடத்தியவர் எட்கர் டெகா. 1834இல் பிறந்து 1917இல் மறைந்த அவரை நடன மங்கையரின் ஓவியர் என்றுதான் பெரும்பாலானோர் அறிவார்கள். எனக்கு அவர் பொருள்களை ஓயாமல் சோதித்த ஓர் ஆய்வாளராகவே தெரிகிறார். எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பு பிடிக்காமல், வண்ணத்தை உறிஞ்சு தாளில் வைத்து எண்ணெயை வடியவிட்டு, மிஞ்சியதை டர்பன்டைனில் கரைத்துப் பூசினார். அப்படிச் செய்தால் எண்ணெய் விட்டுப்போன இடத்தில் காற்று வந்து சேரும். பரப்பு மங்கலாக, பேஸ்டலைப் போல உலரும். உலோகத் தகட்டின் மேல் அச்சு மையால் வரைந்து, தாளில் ஒருமுறை அழுத்தி எடுக்கும் மோனோடைப் முறையை 1870களில் கையில் எடுத்தார். முதல் பிரதி கருமையாக வரும். தகட்டில் ஒட்டியிருக்கும் மிச்ச மையைக் கொண்டு இரண்டாவதாக எடுக்கும் பிரதி வெளுத்துத்தான் வரும். பிறர் தூக்கி எறிந்திருக்கக்கூடிய அந்த வெளுத்த பிரதியை அவர் அடிப்படம் ஆக்கி, அதன்மேல் பேஸ்டல் ஏற்றினார். மேடை விளக்கின் ஒளி கீழிருந்து மேலே அடிக்க, ஒற்றைக் காலில் நிற்கும் நடனக்காரியைக் காட்டும் அவருடைய புகழ்பெற்ற ஓர்சே அருங்காட்சியகப் படம் அப்படிப் பிறந்ததே. ஒளியும் நிழலும் எங்கே விழ வேண்டும் என்பதை மை முன்கூட்டியே சொல்லிவிட, வண்ணம் அதன்மேல் சுதந்திரமாக விளையாடுகிறது.

பேஸ்டலை அவர் குச்சியாக மட்டும் பயன்படுத்தவில்லை. வரைந்த பரப்பின்மேல் கொதிநீரின் ஆவியை ஊதி, தூளைக் குழம்பாக்கி, பிரஷ்ஷால் இழைத்தார் என்று டெனி ரூவார் எழுதியிருக்கிறார். டெகாவின் நெருங்கிய நண்பர் ஆன்ரி ரூவாரின் பேரன் அவர். டெகாவின் செய்முறைகளைப் பற்றி 1945இல் ஒரு நூலே எழுதினார். கடையில் விற்ற ஃபிக்ஸட்டிவ்கள் பளபளப்பைக் கொடுத்ததால் அவற்றை டெகா வெறுத்தார். இத்தாலிய ஓவியர் லூயிஜி கியாலிவா தயாரித்துக் கொடுத்த ஒன்றைத்தான் பயன்படுத்தினார். அதைக் கடைசியில் ஒரேயடியாகத் தெளிக்காமல் அடுக்குகளுக்கு இடையே தெளித்தார் என்பதில்தான் அவர் கண்டுபிடித்த உத்தி இருக்கிறது. ஓர் அடுக்கு வரைவார், தெளித்துக் காயவிடுவார். அந்த அடுக்கு இருண்டு, கெட்டியாகி, சொரசொரப்பாகும். அடுத்த அடுக்கு அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முன்னதன் இருளும் பின்னதன் ஒளியும் கீற்றுக்கீற்றாகச் சேர்ந்து தெரியும். ஃபிக்ஸட்டிவ் நிறத்தைக் கெடுக்கும் என்ற இயற்கை விதியை மாற்ற முடியாது என்று தெரிந்ததும், அந்தக் கெடுதலையே கீழடுக்கின் நிறமாக ஏற்றுக்கொண்டுவிட்டார். அவருடைய பிற்காலப் படங்களில் ஆரஞ்சுக்குள்ளிருந்து பச்சையும், நீலத்துக்குள்ளிருந்து செம்மையும் மின்னுவதை அருகில் போய்ப் பார்த்தால் இந்த அடுக்குவேலை புரியும்.

1890களிலிருந்து அவர் டிரேசிங் தாளை மிக விரும்பினார். கரியால் ஓர் உருவம் வரைந்து, அதன்மேல் இன்னொரு தாளை வைத்து எடுத்து, திருத்தி, மறுபடி எடுத்து, சில சமயம் திருப்பிப் போட்டு என ஒரே முதுகு, ஒரே உயர்த்திய கை பல படங்களில் வெவ்வேறு இடங்களில் வந்து நிற்கும். படம் பெரிதாக வேண்டுமென்றால் ஓரத்தில் ஒரு தாள் துண்டை ஒட்டிக்கொள்வார். டிரேசிங் தாள் ஊடுருவித் தெரிவதன் காரணமும் நார்களின் இடையே காற்று இல்லாததுதான்; எண்ணெயோ பிசினோ அந்த இடத்தை அடைத்திருக்கும், அல்லது நாரையே நசுக்கிக் காற்றை வெளியேற்றியிருப்பார்கள். காற்றில்லாத தாளின்மேல் காற்று நிறைந்த தூளை நிறுத்தும் வேலையை முதுமையில், பார்வை மங்கிக்கொண்டே போன ஆண்டுகளில், அவர் செய்தார்.

விற்றுவிட்ட படத்தைக்கூட இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும் என்று திரும்பக் கேட்டு வாங்கிவிடும் பழக்கம் அவருக்கு இருந்தது. அவர் மறைந்தபோது ஸ்டுடியோ நிறையப் படங்கள் இருந்தன. 1918, 1919ஆம் ஆண்டுகளில் அவை ஏலங்களில் விற்கப்பட்டன. அந்தத் தாள்களில் குத்திய சிவப்பு முத்திரையை வைத்து இன்றும் அவற்றை அடையாளம் காண்கிறார்கள். முடிக்காத, சோதித்துப் பார்த்த, பாதியில் விட்ட தாள்கள் அவ்வளவு கிடைத்ததால்தான் அவருடைய செய்முறை நமக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது. ஓவியரின் முடிந்த படங்களை மட்டும் பாதுகாத்து, சோதனைத் தாள்களைக் கிழித்துப் போடும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பொருள்களைச் சோதித்தவர்களில் வின்சென்ட் வான்கோவும் உண்டு. 1882, 1883ஆம் ஆண்டுகளில் தி ஹேக் நகரில் அவர் தச்சர் பென்சில், மலைச் சுண்ணக் கறுப்புக் கட்டி, லித்தோ கிரேயான் என்று கிடைத்ததையெல்லாம் கனத்த தாளில் முயன்றார். பென்சிலின் மினுக்கம் அவருக்கு ஆகவில்லை. அதற்கு அவர் கண்ட மருந்து பால். பாலும் நீரும் கலந்து படத்தின்மேல் ஊற்றினார். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் காய்ந்து மெல்லிய, மினுமினுப்பில்லாத படலமாகத் தூளைப் பிடித்துக்கொள்கிறது. மினுக்கமும் அடங்குகிறது, தூளும் ஒட்டுகிறது.

நம் பக்கத்திலும் ஓவியர்களின் வேலையில் பாலுக்கு இடம் உண்டு. ஶ்ரீகாளஹஸ்தியிலும், தஞ்சைப் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்காரி துணியில் வரைவார்கள். காளஹஸ்தி மரபில் துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்துக் காயப்போடுகிறார்கள். பால் ஏறிய துணியில் மை பரவி ஓடாது. உருவத்தின் முதல் கோடுகளைச் சுட்ட புளியங்குச்சியின் கரியால் போடுகிறார்கள். செனினியின் வில்லோ கரிக்கு இருந்த அதே வேலைதான் அதற்கும். பிறகு துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் புளிக்கவைத்த கரைசலில் கலம் என்ற எழுதுகோலைத் தோய்த்து வரைகிறார்கள். அந்தக் கரைசல் இருந்த இடத்தில் வெளிறியே இருக்கும். துணியில் பட்டதும் கடுக்காயின் டானினோடு இரும்பு சேர்ந்து, நாருக்குள்ளேயே கறுப்பு உண்டாகிறது. கரி நாரின் மேல் உட்காரும் விருந்தாளி என்பதால் துவைத்தால் போய்விடும். இந்தக் கறுப்பு நாரிலேயே பிறந்தது என்பதால் போகாது. ஃபிக்ஸட்டிவ் என்ற கேள்விக்கே இடம் வைக்காத தீர்வு இது. மேற்கத்திய நூல்கள் வரைபொருள் வரலாற்றைச் சொல்லும்போது இதைச் சேர்க்காமல் விடுவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

படம் முடிந்து சுவருக்குப் போகும்போது இரண்டாவது சோதனை தொடங்குகிறது. ஃபிக்ஸட்டிவ் தெளிக்காத பேஸ்டலையோ கரிப்படத்தையோ சட்டமிடும்போது படத்தைக் கண்ணாடி தொடக் கூடாது. அதற்காகத்தான் மவுண்ட் என்கிற வெட்டிய அட்டையும், ஓரத்தில் ஒளித்து வைக்கும் இடைக்கட்டையும். செலவும் எடையும் குறையுமே என்று கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போடுவது பெருந்தவறு. துணியால் துடைத்த அக்ரிலிக் நிலைமின்சாரம் ஏறித் தூளைத் தாளிலிருந்து தன்பக்கம் இழுத்துவிடும். வண்டிப் பயணத்தின் அதிர்வும் தூளை உதிர்க்கும் என்பதால் பெரிய அருங்காட்சியகங்கள் பேஸ்டல் ஓவியங்களை வெளியூருக்கு அனுப்பத் தயங்குகின்றன.

அடுத்தது ஒளி. கார்பனுக்கு வெளிச்சத்தால் எந்தக் கேடும் இல்லை. ஆயிரம் ஆண்டு மாட்டினாலும் கரி வெளுக்காது. ஆனால் அது நிற்கும் தாள் பழுக்கும். வண்ணத் தூள்களில் பல வெளுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தார்ச் சாயங்களிலிருந்து வந்த பிரகாசமான இளஞ்சிவப்பும் ஊதாவும் இதில் மிகவும் நோஞ்சான்கள். வண்ணப் பொருள் ஒளியை உறிஞ்சும்போது அந்த ஆற்றல் சில சமயம் மூலக்கூறின் பிணைப்பையே முறித்துவிடுகிறது. முறிந்தது மறுபடி ஒட்டாது. இருட்டில் ஓய்வு கொடுத்தாலும் போன நிறம் திரும்பாது. டெகா இதை அறிந்திருந்தார். பேஸ்டல்களை வெயிலில் காட்டி, வெளுக்கக் கூடியது வெளுத்துப்போகட்டும் என்று முன்கூட்டியே கழித்துவிடுவார் என்று ஓவிய வணிகர் அம்ப்ருவாஸ் வொலார் எழுதியிருக்கிறார்.

தாளில் வரைந்த படங்களுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு 50 லக்ஸ். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 லக்ஸில், நாளுக்கு 8 மணி நேரம், 90 நாள் கண்காட்சி நடத்தினால் படம் வாங்கும் ஒளி 36,000 லக்ஸ்-மணி. நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அதே 36,000 லக்ஸ்-மணியை வெயில் 22 நிமிடங்களுக்குள் கொடுத்துவிடும். புற ஊதாக் கதிர் செய்யும் சேதம் தனி. கண்காட்சித் திறப்பு விழாவுக்கு முன் படங்களை வராந்தாவில் வரிசையாகச் சாய்த்து வைத்து, யார் எந்தச் சுவரில் மாட்டுவது என்று பேசிக்கொண்டிருக்கும் நேரம்தான் அந்த 22 நிமிடம். ஓர்சே அருங்காட்சியகம் தன் பேஸ்டல்களை மங்கிய அறையில், மாற்றி மாற்றித்தான் காட்டுகிறது. அங்கே போகிறவர்கள் தாங்கள் தேடிவந்த படம் இன்றைக்குச் சுவரில் இருக்கிறதா என்று முன்னதாக விசாரித்துக்கொள்வது நல்லது. அறைக்குள் நுழைந்ததும் இருட்டாக இருக்கிறதே என்று சலித்துக்கொண்டு வெளியேறிவிட வேண்டாம். ஐந்து நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். அந்த வெளிச்சத்திலும் நிறங்கள் தெரியும்.

நம் ஊரில் ஒளியைவிடப் பெரிய எதிரி ஈரப்பதம். சென்னை போன்ற கடலோர நகரங்களில் ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. அந்த நிலையில் பூஞ்சை வளரும். தாளுக்கு மேல்பூச்சாகப் போட்ட ஜெலட்டினும் மாவுப்பசையும் பேஸ்டலின் பிசினும் அதற்கு உணவு. மழையில் நனையும் வெளிச்சுவரில் படத்தை மாட்டக் கூடாது. எந்தச் சுவரானாலும் சட்டத்தின் பின்பக்க மூலைகளில் தக்கைத் துண்டோ ரப்பர் பொட்டோ ஒட்டிவிட்டால், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். அங்கேயும் படத்தைக் காப்பது காற்றுதான். பின்னால் வைக்கும் அட்டை அமிலமற்றதா என்று ஃபிரேம் கடையில் கேட்டு வாங்க வேண்டும். மலிவான அட்டையிலும் ஹார்ட்போர்டிலும் உள்ள அமிலம் சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கி மொறமொறப்பாக்கிவிடும். செய்தித்தாள் சீக்கிரம் மஞ்சளாவதும் இதே வகைக் கேடுதான். அதில் மரக்கூழின் லிக்னின் நீக்கப்படாமல் இருக்கிறது.

ஹேர் ஸ்ப்ரே பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஃபிக்ஸட்டிவ் விலை அதிகம் என்று மாணவர்கள் பலர் அதைக் கரிப்படங்களில் அடிக்கிறார்கள். வகுப்புப் பயிற்சித் தாளுக்கு அடித்தால் பரவாயில்லை. விற்கவோ வைத்துக்கொள்ளவோ போகும் படத்துக்கு அடிக்கவே கூடாது. தலைமுடியில் ஒரு நாள் நிற்பதற்காகச் செய்த கலவை அது. வாசனைப் பொருளும் மிருதுவாக்கிகளும் தாளிலேயே தங்கி, ஒட்டும் தன்மையோடு தூசியை இழுக்கும், மஞ்சளாகும். நல்ல பிசின்கூடக் காலப்போக்கில் நிறம் மாறும். ஒடிலோன் ரெதோனின் கரிப்படங்களில் காணும் பொன்னிறச் சாயலில் அவர் ஊற்றிய பிசினுக்கும் பங்கு உண்டு. அவர் அந்தச் சாயலை ஏற்று வரைந்தவர். தெரியாமல் வந்து சேரும் மஞ்சளை யாரும் ஏற்கப்போவதில்லை.

வரைகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய தாளை எடுத்ததும், முன்பக்கத்தில் கை வைக்கும் முன்பே, அதன் பின்பக்க ஓரத்தில் மிருதுவான பென்சிலால் சிறியதாக எழுதிக்கொள்ளுங்கள்: நாள், தாளின் பெயர், எந்தக் கரி, எந்த நிறுவனத்தின் பேஸ்டல். பிறகு ஃபிக்ஸட்டிவ் தெளித்தால் எது, எத்தனை முறை என்பதைச் சட்டத்தின் பின்னட்டையில் சேர்த்துவிடுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் படத்தைத் திறந்து சுத்தம் செய்யப்போகும் பாதுகாப்பாளருக்கு, ஈரம் படலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய அந்த இரண்டு வரிகள் போதும்.